அம்மாவின் உதடு வீக்கம்: கத்தரிக்காயை விடுங்கள், மாத்திரை அட்டையைப் பாருங்கள்

ஈரோடு மாவட்டத்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். 62 வயது அம்மா கிராமத்தில் தனியாக இருக்கிறார். சித்தி வீடு இரண்டு தெரு தள்ளி. கடந்த ஐந்து மாதங்களில் அம்மாவுக்கு மூன்று முறை முகம் வீங்கியிருக்கிறது. முதல் தடவை மேலுதடு மட்டும். காலையில் எழுந்தபோது ஒரு பக்கம் தடித்திருந்தது, மதியத்துக்குள் மூக்கு வரை ஏறியது, மறுநாள் சாயங்காலம் வடிந்துவிட்டது. அடுத்த தடவை வலது கன்னமும் கண்ணிமையும். அரிப்பு இல்லை, தோலில் தடிப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. காணாக்கடி என்று சொல்லி வேப்பிலை மந்திரித்தார்கள். மருந்துக்கடையில் அலர்ஜிக்கு என்று அவில், பெட்னசால் மாத்திரைகளை வாங்கிக் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை போன மாதம், இரவு பத்து மணிக்கு. நாக்கு தடித்துப் பேச்சு குழறியது, எச்சில் விழுங்கவே சிரமப்பட்டார். சித்தி பதறிப்போய் போன் செய்ய, மகள் போனிலேயே "ரெண்டு பெட்னசால் கொடுங்க சித்தி" என்று சொல்லியிருக்கிறார். விடிவதற்குள் குறைந்துவிட்டது.

கேள்விகள் இவை. கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை என்று கரப்பான் பண்டங்களை எல்லாம் நிறுத்திவிட்டோம், இன்னும் எதை நிறுத்த வேண்டும்? லேபில் மொத்தமாக அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா? கிட்னி போய் டயாலிசிஸில் இருந்த மாமாவுக்கும் முகம் ஊதித்தான் ஆரம்பித்தது, அம்மாவுக்கும் அப்படி இருக்குமா? வெளியூர் விசேஷங்களுக்குப் போகும்போது அம்மா முன்னெச்சரிக்கையாக ஒரு பெட்னசால் போட்டுக்கொள்கிறார், தப்பா?

கடிதத்தின் கடைசியில் மருந்துப் பட்டியல். பிரஷருக்கு நான்கு வருடமாக எனலாப்ரில், அம்லோடிபின். சுகருக்கு மெட்ஃபார்மின், ஆறு மாதத்துக்கு முன் வில்டாகிளிப்டினும் சேர்ந்தது. மூட்டுவலி அதிகமானால் டைக்ளோஃபெனாக். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: "ரெண்டு வருஷமா வறட்டு இருமல் வேற, எத்தனை கஷாயம் குடிச்சும் போகல."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கத்தரிக்காய்க்கு ஒரு பக்கம், மாத்திரைகளுக்கு ஒரே ஒரு வரி. எனக்கோ அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. அம்மாவை நேரில் பார்க்காமல் இதுதான் நோய் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் எனலாப்ரில் மேல். ஆகவே நாளைக் காலை அந்த ஒரு மாத்திரையை மட்டும் போட வேண்டாம், நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் காட்டுங்கள். அம்லோடிபினும் சுகர் மாத்திரைகளும் தொடரட்டும். வில்டாகிளிப்டினை என்ன செய்வது என்று அங்கேயே கேளுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். பயந்துபோய் எல்லா மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். 62 வயதில் பிரஷர் கட்டுப்பாடு இல்லாமல் ஏறுவது வேறு ஆபத்து.

நான்கு வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரை இப்போது எப்படி?

எல்லோருக்கும் வருகிற நியாயமான சந்தேகம் இது. ஒத்துக்கொள்ளாத மருந்து முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிறோம். பென்சிலின் போன்ற மருந்துகளின் அலர்ஜிக்கு அது ஓரளவு பொருந்தும். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆரம்பித்த முதல் வாரத்திலும் வீக்கம் வரலாம், ஐந்து வருடம் கழித்தும் வரலாம். வந்து போகும், பல வாரம் ஒன்றும் இருக்காது, மறுபடி வரும். மாத்திரையைத் தினமும் போடுகிறோம், வீக்கம் என்றைக்கோ ஒருநாள் வருகிறது என்பதால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வருவதில்லை.

உடம்பில் பிராடிகைனின் என்று ஒரு பொருள் சுரக்கிறது. சின்ன ரத்தக்குழாய்களை விரித்து, அவற்றிலிருந்து நீர் கசிய வைப்பது அதன் வேலை. அதை உடைத்து அகற்றும் நொதியைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அதனால் சிலருக்குப் பிராடிகைனின் தேங்கி உதடு, நாக்கு, இமை, தொண்டை மாதிரி தளர்வான இடங்களில் நீர் கோத்துக்கொள்கிறது. சாப்பாட்டு அலர்ஜியில் வேலை செய்வது ஹிஸ்டமின் என்ற வேறொரு பொருள். அது வந்தால் பெரும்பாலும் அரிப்பும் திட்டுத் திட்டான தடிப்பும் கூடவே வரும். அம்மாவுக்கு மூன்று தடவையும் அரிப்பே இல்லை என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

அந்த வறட்டு இருமலும் அநேகமாக இதே மாத்திரையின் கைவரிசைதான். இந்தக் குடும்ப மாத்திரைகளில் இருமல் சகஜம். வீக்கம் அரிது, ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஏழு பேர் வரை. எனலாப்ரிலை நிறுத்திய சில வாரங்களில் இருமலும் போய்விட்டால் இத்தனை நாள் குடித்த கஷாயத்தின் மேல் குறை சொல்லாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேலும் இருமல் நீடித்தால் நெஞ்சு எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும், நம் ஊரில் காசநோயை மறக்கக் கூடாது.

சரி, நான்கு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன்? ஆறு மாதத்துக்கு முன் வில்டாகிளிப்டின் சேர்ந்தது, ஐந்து மாதமாக வீக்கம். பிராடிகைனின் மாதிரி வேலை செய்யும் இன்னொரு பொருளை உடைக்கும் நொதியை 'கிளிப்டின்' மாத்திரைகள் தடுக்கின்றன. ப்ரில்லும் கிளிப்டினும் ஒன்றாகச் சேர்ந்தால் முக வீக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். தனித்தனியாக இரண்டும் நல்ல மருந்துகள். பிரஷர் மாத்திரை ஓரிடத்தில், சுகர் மாத்திரை வேறிடத்தில் என்று வாங்குகிறவர்களின் முழுப் பட்டியல் யார் கண்ணிலும் ஒன்றாகப் படுவதில்லை, அதுதான் சிக்கல்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கு விஷக்கடி என்று மந்திரித்தார்களே, இந்த மாத்திரைக் குடும்பத்தின் பூர்வீகமே பாம்பு விஷம்தான். 1940களின் இறுதியில் பிரேசில் விஞ்ஞானிகள் அந்த நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராயும்போதுதான் பிராடிகைனினைக் கண்டுபிடித்தார்கள். பிற்பாடு அதே விஷத்தில் இருந்த பொருள்களைப் பின்பற்றித்தான் இந்த வகையின் முதல் மாத்திரையான கேப்டோப்ரில் உருவானது. பூசாரிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பெட்னசால் கேட்டதா?

கேட்டது போலத் தெரிந்திருக்கிறது. இந்த வகை வீக்கம் ஒன்றிரண்டு நாளில், அதிகம் போனால் மூன்று நாளில், தானாகவே வடிந்துவிடும். பெட்னசால் போட்டீர்கள், குறைந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பிராடிகைனினால் வரும் வீக்கத்துக்கு அவில், செட்ரிசின், பெட்னசால் எதுவும் பெரிதாகக் கேட்காது. அவில் தூக்கத்தையும் கொடுக்கும். தொண்டை வீங்க ஆரம்பித்திருக்கும் ஒருவரை இரவில் அசந்து தூங்க வைப்பது எத்தனை ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

முன்னெச்சரிக்கைக்குப் போடும் பெட்னசாலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அது ஸ்டீராய்டு மாத்திரை. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் இருக்கிறது. சுகர் உள்ளவர் ஒன்று போட்டாலே ஓரிரு நாள் சர்க்கரை எகிறும். அடிக்கடி போட்டால் பிரஷர் ஏறும், எலும்பு தேயும், முகம் வட்டமாக உப்பிப்போகும். முக வீக்கத்துக்குப் போட்ட மாத்திரையாலேயே முகம் ஊதியவர்களை நம் ஊர் டாக்டர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். எப்போதாவது விசேஷத்துக்கு ஒன்று என்றால் டக்கென்று நிறுத்திவிடலாம். பல வாரமாகத் தினமும் போடுகிறார் என்று விசாரிப்பில் தெரிந்தால் மட்டும் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். அதனால் அம்மாவிடம் கோபப்படாமல், எத்தனை போட்டார் என்று உண்மையைக் கேட்டு வாங்குங்கள்.

மறுபடி வந்தால்

கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது அந்த மூன்றாவது இரவு. நாக்கு தடித்து, பேச்சு குழறி, எச்சில் விழுங்க முடியாமல் போனது என்றால் வீக்கம் மூச்சுப் பாதையின் வாசல் வரை வந்திருக்கிறது. அன்றைக்குத் தப்பித்துவிட்டார். நீங்கள் போனில் சொன்னதற்காக வருத்தப்பட வேண்டாம், பத்தில் ஒன்பது வீட்டில் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இனிமேல் சொல்ல வேண்டியது வேறு. சித்தியிடம் இன்றே சொல்லி வையுங்கள்.

நாக்கு அல்லது தொண்டை வீங்கினால், குரல் மாறினால், எச்சில் வழிந்தால், மூச்சு விடும்போது கீச்சென்று சத்தம் வந்தால், மூச்சு வாங்கினால், மயக்கம் வந்தால் உடனே 108. "குறையுதா பாப்போம்" என்று அரை மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வண்டி வரும்வரை அம்மாவை நிமிர்த்தி உட்கார வையுங்கள். மயங்கிச் சாய்ந்தால் மட்டும் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கஷாயமோ எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு திரும்பி வருவதும் வேண்டாம். மூச்சுக்குழாய் போடும் வசதி உள்ள அரசுத் தலைமை மருத்துவமனையோ பெரிய மருத்துவமனையோதான் போக வேண்டும். அங்கே சொல்ல வேண்டிய முதல் வார்த்தை, "எனலாப்ரில் சாப்பிட்டுக்கிட்டிருந்தவங்க" என்பது. அதைச் சொன்னால் அவர்கள் யோசிக்கும் திசையே மாறும். ஆனாலும் அலர்ஜியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அட்ரினலின் ஊசி போட்டால் தடுக்காதீர்கள், அந்த நேரத்தில் அது சரியான முடிவுதான்.

உதடு மட்டும், கன்னம் மட்டும் வீங்கினால்? அப்போதும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம் என்பேன். இந்த வீக்கம் உதட்டில் ஆரம்பித்துச் சில மணி நேரத்தில் நாக்குக்கு இறங்கக்கூடியது. அம்மா தனியாக இருக்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அடுத்த சில வாரங்களுக்கு சித்தி வீட்டிலோ உங்களோடோ தங்கட்டும். மாத்திரையை நிறுத்தியதும் இந்தப் பிரச்சினை சுவிட்ச் போட்டது போல நிற்காது. பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், சிலருக்கு அதற்குப் பிறகும், ஒன்றிரண்டு தடவை வந்து போகலாம். "நிறுத்தியும் வருதே, அப்போ மாத்திரை இல்ல" என்று மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள்.

மாமாவின் கிட்னியும் அம்மாவின் வீக்கமும்

கிட்னியில் புரதம் ஒழுகினால் வரும் வீக்கத்தின் போக்கே வேறு. காலையில் எழும்போது இரண்டு கண்ணைச் சுற்றியும் சமமாக உப்பியிருக்கும், பகலில் நடமாட நடமாட முகம் வடிந்து சாயங்காலம் காலில் இறங்கும். மறுநாளும் அதே கதை. சிறுநீர் சோப்பு நுரை மாதிரி நுரைக்கும், எடை கூடும். உதட்டின் ஒரு பக்கம் தடித்து மறுநாள் மறைந்து, ஒரு மாதம் சுத்தமாக ஒன்றுமில்லாமல் இருப்பது கிட்னி செய்கிற காரியம் இல்லை.

இருந்தாலும் அம்மாவுக்குச் சுகரும் பிரஷரும் இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை கிட்னியைப் பார்ப்பது எப்படியும் செய்ய வேண்டியதுதான். சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின், கூடவே பொட்டாசியம். தைராய்டுக்கு ஒரு டிஎஸ்ஹெச். இவற்றை அரசு மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரில் புரதம் போவதாகத் தெரிந்தால் அதையும் டாக்டர் கணக்கில் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் புரதம் போகிறவர்களுக்கு ப்ரில் மாத்திரைகள் கிட்னியைக் காப்பாற்றத்தான் கொடுக்கப்படுகின்றன. அப்படியானால் மாற்று மருந்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிட்னி விஷயத்தில் நீங்கள் கேட்காத ஒன்று: அம்மா மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக். கிட்னியைக் கெடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு, அதுவும் பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் அதிகம். முகத்தையும், முக்கியமாகக் கண்ணைச் சுற்றி, வீங்க வைக்கும். மூன்று தடவையும் வீங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு அம்மா மூட்டுவலி மாத்திரை போட்டிருந்தாரா என்று நினைவுபடுத்திக் கேளுங்கள். ஆமாம் என்றால் என் சந்தேகத்தில் பாதி அந்தப் பக்கம் போகும். இல்லை என்றாலும் அந்த மாத்திரை இனி வேண்டாம். மூட்டுவலிக்குப் பாரசிட்டமால் போதுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அலர்ஜி டெஸ்ட் எடுக்கலாமா?

வேண்டாம் என்பேன். நூறு பண்டத்துக்கு மொத்தமாக ரத்தத்தில் பார்க்கும் டெஸ்டில், சாப்பிட்டால் ஒன்றுமே ஆகாத பண்டத்துக்கும் 'பாசிட்டிவ்' வரும். வந்ததும் பால், கோதுமை, தக்காளி என்று ஒவ்வொன்றாக நிறுத்துவீர்கள். சுகர் உள்ள அம்மாவின் தட்டில் ஏற்கெனவே ஒன்றுமில்லை. குறிப்பிட்ட ஒரு பண்டம் சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஒவ்வொரு முறையும் அரிப்போடு வீங்குகிறது என்றால், அந்த ஒரு பண்டத்துக்குத் தோல் டெஸ்ட் செய்து பார்ப்பதில் அர்த்தம் உண்டு. நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் இல்லை. கத்தரிக்காயும் நிலக்கடலையும் தாராளமாகச் சாப்பிடலாம். கருவாட்டை மட்டும் உப்புக்காக, பிரஷரை நினைத்து, அளவோடு.

வேறு வகை முக வீக்கங்கள்

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகவும், உங்கள் அம்மா சுகர் நோயாளி என்பதற்காகவும் சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன். ஒரு பக்கத் தாடை வலியோடு வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் பெரும்பாலும் பல்லில் சீழ். ஒத்தடம் கொடுத்துக் காலம் கடத்தாமல் பல் டாக்டரிடம் போக வேண்டும். வாயைத் திறக்க முடியவில்லை, நாக்குக்கு அடியில் கல் மாதிரி இறுகிவிட்டது என்றால் நேராக மருத்துவமனை. ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கி, அசைத்தால் வலித்து, பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அதுவும் அதே நாளில் பார்க்க வேண்டியது. சுகர் உள்ளவருக்குக் கன்னம் வீங்கி மரத்துப்போய், மூக்கடைப்போடு கறுப்பாக ஒழுகினால், 2021இல் எல்லோரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

தலைக்கு மை அடித்த மறுநாளோ அதற்கு மறுநாளோ நெற்றியும் இமையும் அரிப்போடு வீங்கினால் டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் காரணமாக இருக்கலாம். இத்தனை வருடம் ஒத்துக்கொண்ட டைதான் என்பது இங்கும் சமாதானமாகாது. வாரக்கணக்கில் முகம், கழுத்து, கை மூன்றும் உப்பி, குனிந்தால் இன்னும் கனத்து, நெஞ்சில் நரம்பு புடைத்துத் தெரிந்தால் நெஞ்சுக்குள் ஏதோ அழுத்துகிறது என்று பொருள், ஸ்கேன் தேவை. அப்புறம், முகம் வீங்குவது வேறு, ஒரு பக்கம் கோணுவது வேறு. வாய் கோணி, கை தளர்ந்து பேச்சு குழறினால் அது பக்கவாதம், அதற்கும் 108தான். இருட்டில் எது என்று தெரியாவிட்டாலும் கூப்பிட வேண்டிய எண் ஒன்றே.

நாளை டாக்டரிடம்

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மூட்டுவலி மாத்திரையும் பெட்னசாலும் உட்பட. வீங்கியபோது போட்டோ எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். வடிந்த பிறகு டாக்டர் பார்த்தால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எனலாப்ரிலுக்குப் பதிலாக ராமிப்ரில் என்று யாராவது எழுதினால் 'அதுவும் ப்ரில்தானே டாக்டர்' என்று தயங்காமல் கேளுங்கள். பெயர் மாறினாலும் ஆபத்து அதேதான். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் வகைக்கு மாற்றினால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை வருவதில்லை, மிகச் சிலருக்கு மட்டும் அதிலும் வீங்கும். அதனால் டாக்டர் சில வாரம் இடைவெளி விட்டு ஆரம்பிக்கலாம், அல்லது அம்லோடிபின் அளவைக் கூட்டிப் பார்க்கலாம். அதைக் கூட்டினால் கணுக்கால் வீங்கலாம், அதைக் கண்டு பழைய பிரச்சினை திரும்பிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

சுகருக்கு வில்டாகிளிப்டினைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எனலாப்ரில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்படுகிறது என்றால் கொடுக்கிறவரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தகவல் சொல்லிப் பதிவேட்டில் மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் அதே அட்டை மறுபடி வீடு வந்து சேரும். அம்மாவின் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'ப்ரில் வகை மாத்திரை கூடாது, நாக்கு வீங்கியது' என்று எழுதி, அதையே போட்டோ எடுத்து சித்தியின் போனிலும் வையுங்கள்.

நிறுத்திய மூன்று மாதம், ஆறு மாதம் கழித்தும் இதே மாதிரி வீங்கினால் என் ஊகம் தவறு என்று ஆகிவிடும். அப்போது ரத்தத்தில் சி4 என்ற பரிசோதனையில் ஆரம்பித்து, பரம்பரையாக வரும் வீக்கம் உட்பட வேறு காரணங்களைத் தேட வேண்டும். அதற்கு ஒரு தகவல் இப்போதே சேகரித்து வையுங்கள்: தாத்தா, பாட்டி, மாமா, சித்தி யாருக்காவது சின்ன வயதிலிருந்து இப்படிக் காரணமில்லாமல் உதடோ கையோ வீங்கி வடிந்ததுண்டா, அல்லது காரணம் தெரியாத வயிற்றுவலி வந்து வந்து போனதுண்டா என்று.